அபாயச் சங்கு கேட்ட நாட்கள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பெரம்பூர் பி அண்ட் சி மில் சங்கைப் பற்றி ஒரு வாசகர் கேட்டதற்கு நான்கு வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மில் சங்கை விட்டுவிட்டுப் போர்க்காலத்து அபாயச் சங்கைப் பற்றியே பேசுகின்றன. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் பாட்டி 1942இல் 'குண்டு பயத்தில்' சென்னையை விட்டுப் போன கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆனால் சென்னையில் குண்டு விழுந்ததாக நான் பள்ளியில் படித்ததே இல்லை. அந்த அபாயச் சங்கெல்லாம் வீண் பயம்தானா?
– திருவல்லிக்கேணி வாசகர்

வீண் பயம் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். சென்னைக்கு அந்தப் பயம் வருவதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. அவற்றில் முதலாவது அதற்கும் 28 ஆண்டுகள் முந்தையது. முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களில், 1914 செப்டம்பர் 22 அன்று இரவு, 'எம்டன்' என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரைக்கு அருகே வந்து, பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. ஏறக்குறைய 130 குண்டுகள் சுடப்பட்டன. எல்லாம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அன்று ஊரை எச்சரிக்கச் சங்கு எதுவும் இல்லை. முதல் குண்டின் ஓசையே முதல் எச்சரிக்கை. துணிச்சலும் தந்திரமும் உள்ளவனை 'சரியான எம்டன்' என்று இன்றும் நம் ஊரில் சொல்கிறோம் அல்லவா? அந்த இரவு விட்டுப்போன சொல் அது.

இனி 1942க்கு வருவோம். பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்துப் பர்மா. அங்கே பிழைக்கப் போன தமிழர்கள் நடந்தும் கப்பலேறியும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணால் பார்த்துவந்து சொன்ன செய்திகளை எந்தத் தணிக்கையாலும் அடக்க முடியவில்லை. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில், ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அவை தலைக்கு மேல் வந்துவிட்ட பிறகும், இரத்மலானையில் இருந்த பிரிட்டிஷ் போர் விமானங்கள் பல தரையிலேயே நின்றன என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. தெற்கிலும் வடக்கிலும் குண்டு விழுந்தபின் நடுவிலிருந்த சென்னை என்ன நினைத்திருக்கும்?

1941 கணக்கெடுப்பின்படி சென்னையின் மக்கள்தொகை ஏழே முக்கால் லட்சம். அவசியமான வேலை இல்லாதவர்கள் நகரை விட்டுப் போய்விடலாம் என்று ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் அரசே அறிவித்ததும், சென்ட்ரலிலும் எழும்பூரிலும் ரயிலேற இடமில்லாமல் போயிற்று. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. அரசு அலுவலகங்கள் பலவும் உள்மாவட்டங்களுக்குப் பெயர்ந்தன. மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்த மிருகக்காட்சிசாலையின் நிலைமைதான் இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்குவது. குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால் மிருகங்கள் தெருவுக்கு வந்துவிடும் என்ற அச்சத்தில், சிங்கம், புலி, சிறுத்தை, கரடி என்று ஆபத்தானவை எனக் கருதப்பட்ட விலங்குகளையெல்லாம் மலபார் சிறப்புக் காவல் படையினரை வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஏப்ரலில் சென்னையில் போரின் பெயரால் கேட்ட துப்பாக்கிச் சத்தம் அதுதான்.

குண்டு பிறகு உண்மையாகவே விழுந்தது. 1943 அக்டோபரில் ஓர் இரவு, ஒற்றை ஜப்பானிய விமானம் துறைமுகப் பகுதியில் குண்டுகளைப் போட்டுவிட்டுத் திரும்பியது. அதற்குள் ஊரை விட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்திருந்தார்கள். பயந்த வருடத்தில் குண்டு விழவில்லை. பயம் தணிந்த வருடத்தில் விழுந்தது. உங்கள் பாட்டியிடம் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். 1942 அவருக்கு நன்றாக நினைவிருக்கும். 1943ஐப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்பதை எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: நான் இயற்பியல் ஆசிரியை. அபாயச் சங்கின் ஓசை ஏன் அழுகையைப் போலவே இருக்கிறது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். மனிதரைப் பயமுறுத்துவதற்காக அப்படி வடிவமைத்தார்களா?
– கோயம்புத்தூர் வாசகி

மிக நல்ல கேள்வி, அம்மா. விடையின் பெரும்பகுதி அதன் மோட்டாரில் இருக்கிறது. மின்சாரச் சங்குக்குள் சுற்றிலும் திறப்புகள் வெட்டிய ஓர் உருளை இருக்கும். அதைச் சூழ்ந்து, அதே போன்ற திறப்புகளோடு அசையாத ஓர் உறை இருக்கும். மோட்டார் உருளையைச் சுழற்றும்போது உள்ளே இழுக்கப்படும் காற்று, திறப்பும் திறப்பும் நேர்ப்படும் கணத்தில் வெளியே பாய்கிறது. அடுத்த கணம் அடைபடுகிறது. வினாடிக்கு இத்தனை முறை என்று காற்று இப்படி நறுக்கப்படுவதுதான் நாம் கேட்கும் சுருதி. மாணவர்களுக்குக் கணக்காகவே கொடுக்கலாம்: உருளை நிமிடத்துக்கு 2,880 முறை சுற்றுகிறது, அதில் 10 திறப்புகள் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 48 சுற்று, 480 அதிர்வு.

மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்ததும் அது உடனே முழு வேகத்தை எட்டிவிடாது. சுழற்சி கூடக் கூடச் சுருதி ஏறுகிறது. மின்சாரத்தை நிறுத்தினால், உருளை தன் கனத்தால் சுழன்றபடியே தளர, சுருதி இறங்குகிறது. சில வினாடிகளுக்கு ஒருமுறை பொத்தானை அழுத்தி அழுத்தி விட்டால் ஓசை ஏறி இறங்கி, ஏறி இறங்கி வரும். அபாய அறிவிப்பு அதுதான். பொத்தானை விடாமல் பிடித்திருந்தால் ஒரே சீராக நீண்டு ஒலிக்கும். அபாயம் நீங்கியது என்று பொருள். நம் நாட்டுக் குடிமைப் பாதுகாப்பு முறையில் இரண்டுக்கும் இரண்டு நிமிடம் என்பது வழக்கம். ஒரே இயந்திரம், ஒரே பொத்தான், இரண்டு செய்திகள். எழுத்தறியாதவருக்கும் மொழி அறியாதவருக்கும் விளங்கக்கூடிய இவ்வளவு எளிய ஏற்பாடு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அழுகை போலத் தோன்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரிட்டிஷ் சங்குகளில் ஒரு பக்கம் 10 திறப்புகளும் மறு பக்கம் 12 திறப்புகளும் வைத்து, இரண்டு சுருதிகளை ஒன்றாக ஒலிக்கச் செய்தார்கள். 10க்கு 12 என்பது 5க்கு 6. உங்கள் மாணவர்களில் பாட்டுக் கற்பவர் இருந்தால் அவருக்கு உடனே புரியும்: அது ஷட்ஜமும் சாதாரண காந்தாரமும். கரகரப்பிரியாவிலும் தோடியிலும் நாம் உருகிக் கேட்கும் காந்தாரம் அது. அதை ஷட்ஜத்தோடு சேர்த்துப் பிடித்து, இரண்டையும் ஒன்றாக மேலே இழுத்துக் கீழே விட்டால் மனம் கலங்காமல் என்ன செய்யும்?

பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கர்கள் இதை அசுர அளவுக்குக் கொண்டுபோனார்கள். 1950களில் கிரைஸ்லர் நிறுவனம் செய்த சங்கு ஒன்றுக்கு 180 குதிரைத்திறன் கொண்ட எட்டு சிலிண்டர் மோட்டார் கார் இன்ஜினே பூட்டப்பட்டிருந்தது. எடை ஏறக்குறைய மூன்று டன். 100 அடி தூரத்தில் அதன் ஒலி 138 டெசிபெல். காது வலிக்கத் தொடங்கும் எல்லையைத் தாண்டிய ஒலி அது.

கேள்வி: மில் சங்கு, நகராட்சிச் சங்கு என்று ஊரெல்லாம் சங்கு ஊதிக்கொண்டிருந்த காலத்தில் அபாயச் சங்கை மட்டும் எப்படிப் பிரித்து அறிந்தார்கள்?
– பெரம்பூர் வாசகர்

நேரத்தாலும் அசைவாலும் பிரித்து அறிந்தார்கள். வேலைக்கு அழைக்கும் சங்கு குறித்த மணிக்கு ஊதும். ஓசை ஏறி இறங்காது. வேளை கெட்ட வேளையில், ஏறி இறங்கி ஒலித்தால் அது அபாயம். ஆனாலும் குழப்பத்துக்கு இடம் இருந்துகொண்டேதான் இருந்தது. பிரிட்டனில் 1940ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தேவாலய மணிகளையே நிறுத்திவிட்டு, எதிரி தரையிறங்கினால் மட்டுமே அவற்றை அடிக்க வேண்டும் என்று விதித்ததற்குக் காரணம் இதுதான்: ஓர் ஓசைக்கு ஒரு பொருள் மட்டுமே இருக்க வேண்டும்.

அபாயச் சங்கின் இலக்கணம் நம் நாட்டில் இன்னும் ஒரு நாளில் உயிரோடு இருக்கிறது. ஜனவரி 30, காந்தியடிகள் நினைவாக இரண்டு நிமிட மௌனம் அனுசரிக்கும் தியாகிகள் தினம். சங்கு உள்ள இடங்களில் காலை 10.59க்குத் தொடங்கி 11.00 வரை ஒலிக்க வேண்டும், மௌனம் முடிந்ததும் 11.02 முதல் 11.03 வரை 'அபாயம் நீங்கியது' சங்கு ஒலிக்க வேண்டும் என்பது மத்திய உள்துறையின் அறிவுறுத்தல். அடுத்த ஜனவரியில் காது கொடுத்துக் கேளுங்கள்.

கேள்வி: சிகாகோவில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஊரே அதிரும்படி சங்கு ஊதியது. நான் நடுங்கிப்போய்ப் பேரனைத் தூக்கிக்கொண்டேன். மருமகளோ அடுப்பை விட்டு அசையவில்லை. இது என்ன வழக்கம்?
– வாசகி, சிகாகோ

நீங்கள் கேட்டது மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமைச் சோதனை. இன்று அங்கே அந்தச் சங்குகள் பெரும்பாலும் சுழற்காற்றுக்காக இருக்கின்றன. ஆனால் அவை அணுகுண்டுப் பயத்தில் பிறந்தவை. உங்கள் மருமகள் அசையாமல் நின்றதற்குப் பின்னால் நீண்ட பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தைக் கலைத்துப்போட்ட ஓர் இரவும் அந்த ஊருக்கு இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

1959 செப்டம்பர் 22. எம்டன் சென்னையைச் சுட்ட அதே தேதி. சிகாகோவின் ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணி, 40 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் முறையாகத் தன் லீக் பட்டத்தை, வெளியூரான கிளீவ்லாந்தில் ஆடி வென்றது. ஆட்டம் முடிந்த சிறிது நேரத்தில், இரவு பத்தரை மணிக்கு, நகரின் தீயணைப்பு ஆணையர் ராபர்ட் குவின் வெற்றியைக் கொண்டாடுவதற்காக நகரத்து அபாயச் சங்குகளை எல்லாம் ஐந்து நிமிடம் ஊதச் செய்தார். முன்னறிவிப்பு கிடையாது. சோதனை என்றால் பகலில் வரும் என்று பழகிப்போயிருந்த மக்கள், இரவில் உறங்கப் போகும் நேரத்தில் அதைக் கேட்டார்கள். அந்த வாரம் சோவியத் தலைவர் குருஷேவ் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். அன்று அவர் இருந்தது அண்டை மாநிலமான ஐயோவாவில். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், குழந்தைகளை வாரி எடுத்துக்கொண்டு நிலவறைக்கு ஓடிய தாய்மார்களையும் மண்டியிட்டுப் பிரார்த்தித்த குடும்பங்களையும் யார் குறை சொல்ல முடியும்?

மறுநாள் எழுந்த கோபத்துக்குக் குவின் சொன்ன சமாதானம், அணி வென்றால் ஊதல்களும் சங்குகளும் ஒலிக்க வேண்டும் என்று நகர மன்றமே தீர்மானம் போட்டிருந்தது என்பது. பிறகு ஆய்வாளர்கள் மக்களிடம் விசாரித்தபோது தெரியவந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெரும்பாலோர் கற்பித்தபடி பதுங்கப் போகவில்லை. வானொலியைத் திருப்பினார்கள், தொலைபேசியை எடுத்தார்கள், பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தார்கள். சங்கு சொன்னதை இன்னொருவர் உறுதிப்படுத்த வேண்டும் என்று காத்திருந்தார்கள். உண்மையான தாக்குதலாக இருந்திருந்தால் அந்த நிமிடங்கள் கிடைத்திருக்காது. ஊரின் பொதுச் சொத்தான ஓர் எச்சரிக்கையைக் கொண்டாட்டத்துக்கு எடுத்துச் செலவழித்தது பெரும் தவறு என்றே நான் கருதுகிறேன். எந்த அணி, எந்த வெற்றி என்பது அதை மாற்றாது.

உங்கள் பேரனிடம் அடுத்த முதல் செவ்வாய்க்கிழமையை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அம்மா. பத்து மணி ஆவதற்குச் சற்று முன்பு இருவரும் ஜன்னலருகே நின்று கேளுங்கள்.

கேள்வி: கைபேசியில் எச்சரிக்கை வந்துவிடுகிற காலத்தில் சங்கு எதற்கு?
– மதுரை வாசகர்

2023இல் அரசின் எச்சரிக்கைச் சோதனைக்காக நம் கைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறியது உங்களுக்கு நினைவிருக்கும். அது பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் கைபேசி அணைந்திருக்கலாம், கோபுரத்தில் மின்சாரம் போயிருக்கலாம், வயதானவர் அதை வேறொரு அறையில் வைத்திருக்கலாம். சங்கு யாரிடமும் ஒன்றும் எதிர்பார்ப்பதில்லை. சான்பிரான்சிஸ்கோ நகரம் செவ்வாய்தோறும் நண்பகலில் ஒலித்துவந்த தன் 119 சங்குகளையும் 2019 டிசம்பரில் பழுதுபார்ப்புக்காக நிறுத்தியது. அதற்கு நேர்மாறாகச் சிங்கப்பூர், 1942இல் சரணடைந்த பிப்ரவரி 15 அன்று, சரணடைந்த நேரமான மாலை 6.20க்குச் சங்கொலியை எழுப்பி, அது என்ன ஓசை என்பதைத் தன் மக்களுக்கு நினைவூட்டிவருகிறது. நம் நாட்டில் 2025 மே 7 அன்று நடந்த குடிமைப் பாதுகாப்பு ஒத்திகையின்போது சென்னைத் துறைமுகமும் கல்பாக்கமும் அதில் இடம்பெற்றன.

சங்கு இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஹவாய்த் தீவுகள் வேதனையான சான்று. அங்கே மாதந்தோறும் சங்குகள் சோதிக்கப்படுகின்றன. 2023 ஆகஸ்ட் 8 அன்று மௌயி தீவின் லஹைனா நகரம் காட்டுத்தீயில் எரிந்து நூறு பேர் வரை மாண்டபோது, ஒரு சங்குகூட ஊதப்படவில்லை. சங்கு என்றால் மக்களுக்கு ஆழிப்பேரலைதான் நினைவுக்கு வரும், மேட்டை நோக்கி ஓடுவார்கள், மேட்டிலோ தீ இருந்தது என்று பொறுப்பில் இருந்தவர் விளக்கம் சொன்னார். மறுநாள் பதவி விலகினார். ஆழிப்பேரலையை 2004இல் கண்ட நம் கடற்கரை ஊர்கள், இந்த ஓசைக்கு இன்ன பொருள், கேட்டால் இன்ன திசையில் போக வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சொல்லித்தர வேண்டும்.

கேள்வி: நீங்கள் நேரில் அபாயச் சங்கைக் கேட்டதுண்டா?
– தஞ்சாவூர் வாசகி

உண்டு. 1971 டிசம்பர். எனக்கு ஒன்பது வயது. திருவல்லிக்கேணியில் ஆறு குடித்தனங்கள் இருந்த வீட்டில் குடியிருந்தோம். டிசம்பர் 3 அன்று மாலை பாகிஸ்தானோடு போர் தொடங்கியது. விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தானின் 'காஸி' நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கிய செய்தி சில நாட்களில் வந்தபோது, அது நம் விமானந்தாங்கிக் கப்பலான 'விக்ராந்த்'தைத் தேடி வங்கக்கடலுக்கு வந்தது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். விக்ராந்த் அதற்குச் சில வாரங்களுக்கு முன் சென்னையில்தான் நின்றிருந்தது. அதனால் கடற்கரையை ஒட்டிய எங்கள் தெருவுக்குப் போர் வெகு தூரத்தில் இருப்பதாகத் தோன்றவில்லை.

அம்மா மைதா மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புத் தாளை ஒட்டினார். ஒரு மூலையில் பசை பிடிக்காமல் தாள் சுருண்டு, விரற்கடை அகலத்துக்குக் கண்ணாடி தெரிந்தது. இருட்டடிப்பு ஒத்திகையன்று, அந்த இடத்தில் அப்பா தன் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு நின்றார். சங்கு ஏறி இறங்கி முடிந்தது. சிம்னி விளக்கை ஊதி அணைத்துவிட்டார்கள். அடுத்த குடித்தனத்துக் கைக்குழந்தை அழுவதும் முற்றத்துத் தகரத்தில் மழை சொட்டுவதும் மட்டும் கேட்டன.

பாட்டிக்கு இது இரண்டாவது போர். 1942இல் என் பெரியப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கும்பகோணம் போய், எட்டு மாதம் கழித்துத் திரும்பியவர். சீரான சங்கு ஒலிக்கத் தொடங்கியதுமே நாங்கள் பிள்ளைகள் கத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினோம். அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. நடையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, அந்த ஓசை மெதுவாக இறங்கி, முழுவதும் ஓய்ந்து, கடைசி முனகலும் நின்ற பிறகுதான், "இப்போ விளக்கை ஏத்து" என்று அம்மாவிடம் சொன்னார். அதன் பிறகே அப்பா கண்ணாடியிலிருந்து கையை எடுத்தார்.